யுவி எல்இடி க்யூரிங் யூனிட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

6,40,000 ரூபாய் போய்விட்டது. வயிறு எரிந்துபோய்தான் எழுதுகிறேன்.

சிவகாசியில் அட்டைப்பெட்டி அச்சடிக்கிறோம். அச்சின் மேல் பூசுகிற வார்னிஷைப் புற ஊதா (யுவி) ஒளியில் காய வைப்பதுதான் க்யூரிங். அதற்கு இத்தனை காலமும் மெர்க்குரி லேம்ப்தான். சூடு, ஓசோன் வாடை, கரண்ட் பில், அடிக்கடி லேம்ப் மாற்றுகிற செலவு. எல்இடிக்கு மாறினால் இதெல்லாம் குறையும் என்பது உண்மை. அதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. கோபமெல்லாம் விற்றவன் மேல்தான்.

இயந்திரங்கள் விற்கும் ஓர் இணையதளத்தில், "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்ற முத்திரையோடு இருந்த ஆள். ஒளியின் அலைநீளம் 395 நானோமீட்டர், வலிமை சதுர சென்டிமீட்டருக்கு 16 வாட் என்று எழுதியே கொடுத்தான். அவன் இடத்துக்கே போய் டெமோ பார்த்தோம். ஷீட் வெளியே வந்ததும், "அண்ணாச்சி, கை வச்சுப் பாருங்க" என்றான். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். பிசுபிசுப்பே இல்லை. "உங்க பழைய வார்னிஷே போதும், எதையும் மாத்த வேண்டாம்" என்றான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் முழுப்பணத்தையும் அனுப்பினேன். டெமோவுக்கு ஊற்றிய டின்னில் லேபிளே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

இங்கே மாட்டி ஓட்டினால் மேல்பரப்பு காயவே இல்லை. காலையில் அடுக்கைப் பிரித்தால் ஷீட்டும் ஷீட்டும் ஒட்டிக் கிடக்கிறது. பார்ட்டி மொத்த ஜாப்பையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

போன் பண்ணினால் முதலில் "உங்க வோல்டேஜ் சரியில்லை". அப்புறம் "யூனிட்டைக் குளிர வைக்கிற சில்லர் தண்ணியை மாத்துங்க". அப்புறம் "வீடியோ அனுப்புங்க". அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இணையதளத்தைக் கேட்டால், "நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம்" என்கிறார்கள். அப்படியானால் அந்த முத்திரை எதற்கு?

கடைசியில் இங்க் கம்பெனியிலிருந்து தெரிந்த டெக்னீஷியன் மீட்டரோடு வந்தார். ஷீட் ஓடும் உயரத்தில் வைத்துப் பார்த்தால் 3 வாட்கூட வரவில்லை. மெர்க்குரிக்கான வார்னிஷ் இதில் காயாது என்றும் சொன்னார். மெர்க்குரி லேம்ப் பல அலைநீளங்களில் ஒளி விடும். மேல்பரப்பைக் காய வைப்பது அதில் இருக்கிற குறைந்த அலைநீள ஒளி. எல்இடியில் அது கிடையாது. காற்றில் இருக்கிற ஆக்சிஜனும் மேலே காயவிடாமல் தடுக்கும். அதனால் எல்இடிக்கென்றே தயாரித்த வார்னிஷ் வேண்டும். விற்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தே சொன்ன பொய் அது.

6,40,000 ரூபாய், திருப்பி வந்த ஜாப்பின் நஷ்டம் தனி. வியாபாரத்துக்கு வாங்கியது என்பதால் நுகர்வோர் கோர்ட்டிலும் சிக்கல் வரலாம் என்கிறார் வக்கீல்.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வார்னிஷ், உங்கள் அட்டை, உங்கள் வேகம், இவற்றோடு டெமோ கேளுங்கள். வாட் கணக்கை ஷீட் மட்டத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள், விளக்கின் கண்ணாடிக்குப் பக்கத்தில் அல்ல. ஊதா வெளிச்சம் பளிச்சென்று இருக்கிறதே என்று நம்பாதீர்கள், வேலை செய்கிற கதிர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. மிச்சப் பணத்தை உங்கள் அச்சகத்தில் ஓடிக் காட்டிய பிறகு கொடுங்கள்.

இதே ஆளிடம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் பில்லோடு உள்பெட்டியில் வாருங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.