வெதர்ஃபோர்டில் கட்டிங் குதிரைப் பயிற்சி: விமர்சனம்

டெக்சாஸ் மாநிலத்தின் வெதர்ஃபோர்டு வட்டாரத்தில், மந்தையிலிருந்து மாட்டைப் பிரித்துத் தனியே நிறுத்தும் ‘கட்டிங்’ குதிரைகளைப் பழக்கும் பண்ணைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று புதியவர்களுக்கு அளிக்கும் பயிற்சியைப் பற்றி எழுதுகிறேன். குதிரையேற்றம் ஓரளவு தெரிந்தவர்கள் தயங்காமல் சேரலாம். அறவே தெரியாதவர்களுக்கு இது ஏற்றதன்று.

இப்பயிற்சியின் பெரிய பலம், அவர்கள் தரும் குதிரைதான். போட்டிகளில் ஓடி ஓய்வு பெற்ற, வயதேறிய, ‘குவார்ட்டர்’ என்னும் அமெரிக்க இனக் குதிரையில்தான் புதியவரை ஏற்றுகிறார்கள். எடுத்த எடுப்பில் மாட்டின் முன் நிறுத்துவதில்லை. கம்பியில் இப்படியும் அப்படியும் ஓடும் துணிக்கொடியைப் பயிற்சியாளர் ரிமோட் கொண்டு இயக்க, குதிரை அதை மாடாகவே பாவித்து மறிக்கிறது. கொடி திரும்பிய நொடியில் குதிரை பின்னங்கால்களில் அமர்ந்து, முன்னுடலைத் தரையோடு தாழ்த்தி, மறுபக்கம் பாய்கிறது; அந்நேரத்தில் முன்னால் சாய்ந்தவர் நிலைகுலைவார், இடுப்பைத் தளர்த்தி ஆழ உட்கார்ந்து சேணக்கொம்பில் (சேணத்தின் முன்புறம் நீண்டிருக்கும் பிடி) கையை ஊன்றியவர் தப்பிப்பார்.

அதன் பிறகே மந்தை. நடையாக உள்ளே நுழைந்து, ஒரு கிடாரியை மெல்ல வெளியே கொண்டுவந்து, அது தனித்ததும் கடிவாள வாரைப் பிடித்த கையைக் குதிரையின் பிடரியில் தாழ்த்திவிட வேண்டும். மீதி வேலை குதிரையுடையது. “கையை இறக்குங்கள்” என்பதைத் தவிர பயிற்சியாளர் வேறெதுவும் பேசியதாக நினைவில்லை. கண்டிப்புக்குக் காரணம் உண்டு: இரண்டரை நிமிடப் போட்டியில், மாடு தனித்தபின் வாரால் வழிகாட்டினால் புள்ளிகள் குறையும், மாடு மந்தைக்கே ஓடிவிட்டால் 5 புள்ளிகள் போகும்.

குறை மாடுகளில் இருக்கிறது. திரும்பத் திரும்ப மறிக்கப்பட்ட மாடு குதிரைக்கு மிரள்வதை விட்டுவிட்டு, அசையாமல் நிற்கும், அல்லது நேராக மந்தைக்குள் நுழையப் பார்க்கும். நான் பிரித்த கிடாரிகளில் பாதி அப்படிப்பட்டவை. அத்தகைய மாட்டின் முன் எவ்வளவு தேர்ந்த குதிரைக்கும் வேலை இல்லை. மேலும், போட்டியில் மந்தையைக் காக்க இருவர், மாட்டைத் திருப்பிவிட இருவர் என நால்வர் துணை நிற்பார்கள். இங்கே இருவரே நின்றதால் மாடுகள் அடிக்கடி வேலியோரம் ஒதுங்கின. வாங்கும் கட்டணத்துக்கு இன்னும் இரண்டு ஆட்களை வைத்திருக்கலாம்.

ஆண்டிறுதியில் ஃபோர்ட் வொர்த்தில் மூன்று வயதுக் குதிரைகளுக்கு நடக்கும் ‘ஃபியூச்சுரிட்டி’ என்னும் கட்டிங் போட்டியை முதலில் பார்த்துவிட்டுச் சென்றால், பயிற்சியாளர் எதைக் கேட்கிறார் என்பது எளிதில் பிடிபடும். பதிவு செய்யும்போது, புதிய மாடுகள் எந்த வாரம் வருகின்றன என்று கேட்டு அதற்கேற்ப நாளைத் தேர்ந்தெடுங்கள்.