மாமா பையன் பெயரில் வந்த ஃப்ரெண்ட் ரெக்வெஸ்ட்

வீட்டில் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) இருந்தால் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் எங்களுக்கு 3,000 ரூபாய் போனது. 11 நாள் மகனின் அக்கவுண்ட்டும் எவன் கையிலோ இருந்தது. ஏமாந்தது ஒன்பதாவது படிக்கும் பையன் மட்டும் இல்லை, நானும்தான்.

நாங்கள் இருப்பது பெங்களூரு அல்சூரில். மதுரையில் இருக்கும் என் மச்சான் மகனும் இவனும் சனி, ஞாயிறு ராத்திரிகளில் சேர்ந்து ஃபுட்பால் கேம் ஆடுவார்கள். "மாப்ள, பாஸ் குடுறா" என்று இவன் போடும் சத்தம் கீழ் வீட்டுக் கன்னடக்காரருக்கே மனப்பாடம்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பையன் பெயரில் புது ரெக்வெஸ்ட் வந்தது. அதே படம், அதே பெயர், நடுவில் ஓர் அடிக்கோடு மட்டும் கூடுதல். "பழைய ஐடி லாக் ஆகிவிட்டது ப்ரோ, இது புதுசு. மைக் ரிப்பேர்" என்று மெசேஜ். இவன் சேர்த்துக்கொண்டான். அன்றைக்கு இருவரும் ஃபோர்ட்நைட் ஆடினார்கள். அது இலவச கேம், ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற கட்டணச் சந்தா தேவையில்லை. ஃபுட்பால் கேமுக்குத் தேவை. மறுநாள் வந்த கதையும் அதுதான்: பிளஸ் முடிந்துவிட்டது, 3,000 ரூபாய்க்கு கிஃப்ட் கார்டு வாங்கிக் கொடுத்தால் தீபாவளிக்கு வரும்போது தந்துவிடுகிறேன், எங்கள் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, திட்டுவார்.

மகன் என்னிடம் வந்து கேட்டான். மச்சானுக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பையன் ஆசையாகக் கேட்டதைப் போய் அவன் அப்பாவிடம் போட்டுக்கொடுப்பதா? மாமா என்ற பெருமை வேறு. ஒரு ஆப்பில் கிஃப்ட் கார்டு கோட் வாங்கி நானே மகனிடம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்தது. "கேம் ஷேர் செய்யலாம், நீ வாங்கிய கேம்களை நானும் ஆடலாம்" என்று சைன்இன் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்டிருக்கிறான். சொந்தக்காரப் பையன்கள் இப்படிப் பகிர்ந்துகொள்வது சகஜம், இவனும் கொடுத்துவிட்டான். பாஸ்வேர்டு தெரிந்தாலும் ஃபோனுக்கு வரும் கோட் இல்லாமல் நுழைய முடியாத டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என் நம்பரில் இருந்தது, அதுதான் கடைசிப் பூட்டு. நான் அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். ஹாலில் இருந்து "அப்பா, கோட் வந்துச்சா?" என்றான். ஆறு இலக்கத்தையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன், இரண்டு தடவை.

திங்கள் காலையில் சைன்இன் ஐடி மாறிவிட்டதாக மெயில். அப்போதுதான் மதுரைக்கு ஃபோன் போனது. அந்தப் பையனின் பழைய ஐடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இவனும் அப்போதுதான், "அவன் என்னை ப்ரோன்னு கூப்பிட மாட்டானேப்பா" என்றான்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேசினேன். மரியாதையாகத்தான் கேட்டார்கள், புகாரும் பதிவானது. பிறகு யோசித்தால் சிக்கல் புரிந்தது. யுபிஐயில் அனுப்பியிருந்தால் மறுமுனையில் முடக்குவதற்கு ஒரு வங்கிக் கணக்காவது இருக்கும். என் பணமோ முறையான கடைக்குத்தான் போயிருக்கிறது, திருட்டுப்போனது கோட். அதனால்தான் இந்த மோசடிக்காரர்கள் பணமாகக் கேட்பதில்லை. கோட் விற்ற ஆப்பில் கேட்டதற்கு, "பயன்படுத்தப்பட்டுவிட்டது" என்று ஒரு வரி பதில், புகாரும் மூடப்பட்டது. அக்கவுண்ட்டை மீட்க பிளேஸ்டேஷன் சப்போர்ட்டில் கன்சோலின் சீரியல் நம்பரும் பழைய ரசீதுகளும் கேட்டார்கள். நல்லவேளை, எதையும் தூக்கி எறியாத என் மனைவி பெட்டியைப் பரணில் வைத்திருந்தாள்.

மகனும் மச்சான் பையனும் கூட்டாளிகள் என்று அந்த மோசடிக்காரனுக்கு எப்படித் தெரிந்தது? மகனின் ஃப்ரெண்ட்ஸ் பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடந்தது. செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், அதற்குள் பிரைவசி. பட்டியலை யார் பார்க்கலாம், ரெக்வெஸ்ட் யார் அனுப்பலாம் என்று அங்கே மாற்றலாம். இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஒருவரை ஃப்ரெண்டாகச் சேர்க்க பாஸ்வேர்டும் வேண்டாம், ஃபோனுக்கு வரும் கோடும் வேண்டாம். தெரிந்த பெயரில் ரெக்வெஸ்ட் வந்தால், அந்த ஆளுக்கு ஃபோன் போட்டு, குரலைக் கேட்ட பிறகு சேர்க்கச் சொல்லுங்கள். ஆபீஸ் நண்பர் வீட்டு நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் 12 இலக்க ஃப்ரெண்ட் கோடைக் கேட்டு வாங்கி அடிப்பதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நேற்று ராத்திரி மகனும் நானும் உட்கார்ந்து அந்தப் பட்டியலைக் கழித்தோம். 212 பேர் இருந்தார்கள். அதில் இவன் நேரில் பார்த்தவர்கள் 9 பேர்.