பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று இணையத்தில் தேடி 680 வெள்ளி (ரிங்கிட்) போச்சு

கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், மாலையில் பன்னிரண்டு பேர் வருவார்கள். பயிற்சித் தாள் எல்லாம் ஹாலில் இருக்கும் வைஃபை பிரிண்டரில்தான் எடுப்பேன். போன மாதம் இணையச் சேவையை மாற்றினோம், புது ரவுட்டர் வந்தது. மறுநாளிலிருந்து பிரிண்டர் ஒரு தாள்கூட அடிக்கவில்லை. கணினியில் பார்த்தால் 'ஆஃப்லைன்'. ரவுட்டர் மாறியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் பிள்ளைகளுக்குச் சோதனை, கையில் ஒரு தாள் இல்லை. பிரிண்டர் மாடல் எண்ணைப் போட்டு டிரைவர் (கணினி பிரிண்டரை இயக்க வேண்டிய மென்பொருள்) என்று தேடினேன். முதலில் வந்த பக்கத்தைத் திறந்தேன். பிரிண்டர் நிறுவனத்தின் சின்னம், அதே நிறம், எல்லாம் அச்சு அசலாக இருந்தது. மேலே 'விளம்பரம்' என்று சின்ன எழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மாடல் எண்ணைத் தட்டினேன், ஏதோ இறங்குவது போல ஒரு கோடு பாதிவரை ஓடியது, திடீரென்று சிவப்பில் 'பிழை' என்று வந்து ஓரத்தில் ஒரு அரட்டைப் பெட்டி திறந்தது. தொலைபேசி எண் கேட்டார்கள், கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் டிரைவரே கிடையாது, யார் எந்த எண்ணைத் தட்டினாலும் கோடு ஓடிப் பிழை என்றுதான் காட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு நிமிடத்தில் அழைப்பு வந்தது. தமிழில். "அக்கா, பயப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார் அந்தத் தம்பி. அந்த ஒரு 'அக்கா'வில்தான் நான் விழுந்தேன். ஆங்கிலத்திலோ மலாயிலோ பேசியிருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றைப் போடச் சொன்னார், திரையில் வரும் எண்ணைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்புறம் என் கண்ணெதிரே மவுஸ் தானாக நகர்ந்தது. 'ஈவென்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறந்து வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டி, வெளியாள் உங்கள் நெட்வொர்க்கில் நுழைந்துவிட்டான், அதனால்தான் பிரிண்டர் நின்றது என்றார். அந்தச் சிவப்புக் குறிகள் நன்றாக ஓடும் கணினியிலும் இருக்கும். உங்கள் கணினியிலும் திறந்து பாருங்கள், கட்டாயம் இருக்கும். விண்டோஸ் தனக்குத்தானே எழுதிவைக்கும் குறிப்பு அது, அவ்வளவுதான்.

மூன்று வருடப் பாதுகாப்புக்கு 680 வெள்ளி. கணக்கு ஒரு தனி ஆள் பெயரில் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அது எங்க கணக்குப் பிரிவு ஆபிசர் பேர் அக்கா" என்றார். அவர் என் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வங்கிப் பக்கத்தில் நுழைந்து பணம் அனுப்பினேன். பிரிண்டர் சரியாவதற்கு 24 மணி நேரம் ஆகும் என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டார். மறுநாள் மாலை மறுபடி அழைத்து, ரவுட்டரும் கெட்டுவிட்டது, இன்னும் 950 வேண்டும் என்றபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ரவாங்கிலிருந்து அக்கா மகன் வந்தான். முதலில் கணினியைத் தொடவே இல்லை. பிரிண்டர் கண்ணாடியில் ஒரு தாளை வைத்து நகல் எடுத்தான், பளிச்சென்று வந்தது. "சின்னம்மா, பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு, வைஃபைதான் போய்ச் சேரல" என்றான். பிறகு பிரிண்டரின் மெனுவிலிருந்தே நெட்வொர்க் அறிக்கையை அச்சிட்டான். அதில் பழைய வைஃபை பெயர்தான் இருந்தது! வீட்டில் இல்லாத வைஃபையை அது தேடிக்கொண்டே இருந்திருக்கிறது.

என் பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபையில் மட்டும்தான் சேரும். வீட்டுப் பிரிண்டர்கள் நிறைய அப்படித்தானாம். புது ரவுட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்தது, சில பிரிண்டர்கள் இதில் தடுமாறும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த முகவரி, கடவுச்சொல்லை வைத்து உள்ளே போய் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தான், பிரிண்டரை 2.4-இல் சேர்த்தான். அப்போதும் கணினி 'ஆஃப்லைன்' என்றே சொன்னது, ஏனென்றால் கணினிக்குத் தெரிந்தது பிரிண்டரின் பழைய ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்கு இருந்த பழைய எண். பழைய பிரிண்டரை நீக்கி மறுபடி சேர்த்தான், டிரைவரை விண்டோஸே எடுத்துக்கொண்டது. நான் பதற்றத்தில் திரும்பத் திரும்ப அழுத்திய பதினான்கு கட்டளைகள் வரிசையில் சிக்கிக்கிடந்தன. அச்சுக் கட்டளைகளை வரிசையில் வைக்கும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற விண்டோஸ் சேவையை நிறுத்தி, அதன் கோப்புறையைக் காலி செய்து மறுபடி ஓடவிட்டான். கடைசியாக, மின்சாரம் போய் வந்தாலும் முகவரி மாறாமலிருக்க, ரவுட்டரில் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தான். மொத்தமே அரை மணி நேரம்தான்.

பணம் போன கதையை அதற்குப் பிறகுதான் அவனிடம் வாய் திறந்து சொன்னேன். உடனே இணையத்தைத் துண்டித்து அந்த மென்பொருளை எடுத்தான், வங்கிக் கடவுச்சொல்லை என் கைப்பேசியிலிருந்து மாற்றச் சொன்னான். வங்கிக்கும், மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணுக்கும் அழைத்தேன், போலீஸ் புகாரும் செய்தேன். ஆனால் நாள் கடந்துவிட்டது, பணம் அந்தக் கணக்கிலிருந்து எப்போதோ போயிருந்தது. 997-க்கு அன்றிரவே அழைத்திருக்க வேண்டும். வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்த அந்த நாட்கள்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. உங்களுக்கு நடந்தால் தயவு செய்து யாரிடமாவது அந்த நிமிடமே சொல்லுங்கள்.

கடைக்காரர் யாராவது ஏமாற்றியிருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம், 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம். இங்கே யார் மேல் கேட்பது? ஆளும் இல்லை, முகவரியும் இல்லை. ஒரு கணக்கு எண்ணின் மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று காட்டும் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தேன், என்னுடையதற்கு முன்பே அதன் மேல் புகார்கள் இருந்தன. அனுப்புவதற்கு முன் அங்கே ஒரு நிமிடம் தட்டிப் பார்த்திருந்தால் என் பணம் என்னிடமே இருந்திருக்கும்.

டிரைவர் வேண்டுமென்றால் பிரிண்டர் பெட்டியிலோ கையேட்டிலோ இருக்கும் முகவரியை அப்படியே தட்டுங்கள், தேடிப் போகாதீர்கள். இன்று காலை அதே மாடல் எண்ணைப் போட்டுத் தேடினேன். அந்தப் பக்கம் இன்னும் முதல் வரிசையில்தான் இருக்கிறது.