மலையேறுவதற்கு முந்தைய நாள்: பொள்ளாச்சியில் ஒரு பட்டறை

கரடுமுரடான பாதைகளுக்கும் ஏற்ற ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்கில் வால்பாறைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளுக்கு, உரிய அனுமதியோடு, அடிக்கடி போகிறவன் என்பதால், புறப்படுவதற்கு முந்தைய நாள் பொள்ளாச்சியில் உள்ள இந்தச் சிறிய பட்டறையில் வண்டியைக் காட்டிவிடுவதை ஓராண்டாக வழக்கமாக வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றித் தண்ணீர் அடித்து அனுப்பிவிடும் சர்வீஸ் அல்ல இது.

மெக்கானிக் முதலில் சக்கரத்துக்குத்தான் வருகிறார். அதைத் தூக்கி நிறுத்திச் சுற்றவிட்டு, ஒவ்வொரு ஸ்போக்கையும் சிறு ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போகிறார். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். சென்ற முறை பின்சக்கரத்தில் அடுத்தடுத்து இரண்டு ஸ்போக்குகள் அப்படி இருந்ததை, என் காதிலும் விழும்படி மறுபடி தட்டிக் காட்டிய பிறகே, ஸ்போக்கை இறுக்கும் சிறு நட்டான நிப்பிளைத் திருகினார். டியூப் டயர் ஆதலால் வால்வு நேராக நிற்கிறதா என்றும் பார்க்கிறார். சேற்றில் பிடிப்புக் கிடைக்கட்டுமென்று காற்றை மிகவும் குறைத்துவிட்டால், டயர் ரிம்மில் நழுவி, டியூபையும் இழுத்துப்போய் வால்வின் அடியில் கிழித்துவிடும். சாய்ந்த வால்வு அதற்கான முதல் அறிகுறி.

செயினில்தான் இவருடைய அனுபவம் தெரிகிறது. பின்பக்க சஸ்பென்ஷன் 170 மி.மீ. வரை அசையக்கூடிய வண்டியில், பள்ளத்தில் இறங்கி அது அமுங்கும்போது செயின் மேலும் விறைக்கும் என்பதால், என்னை வண்டியில் உட்காரவைத்து, சக்கரத்தை உருட்டி நான்கு இடங்களில் தொய்வைப் பார்த்து, மிகவும் விறைப்பான இடத்தைக் கணக்கில் கொண்டு சரிசெய்கிறார். பிரேக் பேடு, ஏர் ஃபில்டர், ஃபோர்க் ஆயில் கசிவு எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும், நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் திரும்ப இறங்கவும் வேண்டியிருப்பதால், பேடை மட்டும் நானும் குனிந்து பார்த்துக்கொள்வேன்.

குறை இல்லாமல் இல்லை. பட்டறைப் பையன் ஒருமுறை கிளட்ச் லீவரை ஹேண்டில்பாரில் பிடித்திருக்கும் கிளாம்பை முழுக்க இறுக்கிவிட்டான். வண்டி விழுந்தால் லீவர் சற்றுத் திரும்பித் தப்பிக்கும் அளவுக்குத்தான் அதை இறுக்க வேண்டும், இல்லையேல் ஒடிந்துவிடும். வீட்டில் நானே தளர்த்திக்கொண்டேன். செய்த வேலையை எழுதித் தரும் பழக்கமும் இங்கே இல்லை, கூலியை வாய்ப்பேச்சாகவே சொல்கிறார்கள். சனிக்கிழமை கூட்டம் அதிகம். வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை விட்டால் மெக்கானிக்கே உட்கார்ந்து பார்க்கிறார்.