முதியோர் இல்லத்துக்கு நிதி: மத்திய அரசு மானியமா, சி.எஸ்.ஆர். நிதியா?

ஆதரவற்ற முதியோருக்கு இல்லம் நடத்தும் அறக்கட்டளைகள் பலவும் மத்திய அரசு மானியம், சி.எஸ்.ஆர். (நிறுவனங்கள் தம் லாபத்திலிருந்து சமூகப் பணிக்குச் செலவிடும் நிதி) என்ற இரண்டில் எதற்கு முதலில் விண்ணப்பிப்பது என்று தயங்குகின்றன.

எதற்குத் தருவார்கள்?
மானியம்: சமூகநீதி அமைச்சகத் திட்டத்தில் உள்ளவற்றுக்கு மட்டும். 25 முதியோருக்கான இல்லம் அவற்றுள் ஒன்று.
சி.எஸ்.ஆர்.: 2013 கம்பெனிகள் சட்டத்தின் 7ஆம் அட்டவணை முதியோர் இல்லம், பகல்நேரக் காப்பகம் இரண்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மற்றதெல்லாம் நிறுவனத்தின் விருப்பம்.

ஆவணங்கள்
மானியம்: தர்பண் (தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் தளம்) பதிவு எண், இ-அனுதான் தளத்தில் விண்ணப்பம், நேரடி ஆய்வு.
சி.எஸ்.ஆர்.: 12ஏ (அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை), சி.எஸ்.ஆர்.-1 (சி.எஸ்.ஆர். நிதி பெறுவதற்கான படிவம்) பதிவு எண். கடைசி எண் 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். பட்டயக் கணக்காளர் போன்றோரின் சான்றும் வேண்டும்.

பணம் வருவது
பெரிய சிக்கல் இங்கேதான். மானியத்தில் முந்தைய தவணையின் பயன்பாட்டுச் சான்றிதழ் சரியாக இல்லாவிட்டால் அடுத்தது நின்றுவிடும். உணவுக்கு வந்ததைச் சம்பளத்துக்குத் திருப்பினால் தணிக்கை அறிக்கையோடு கணக்கு ஒத்துப்போகாது. அந்த இடைவெளியில் பட்டினி கிடப்பது முதியவர்கள். சில மாதச் செலவுக்கான தொகை கையிருப்பில் இல்லாமல் மானியத்தை நம்பி இறங்க வேண்டாம்.

சி.எஸ்.ஆரில் நிறுவனத்தின் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம்தான் கணக்கு. லாபம் சரிந்தால் நிதியும் சரியும். தொடர் திட்டமாக ஒப்பந்தம் போட்டால், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டு வரை நீட்டிக்கலாம்.

சாப்பாடு, சம்பளம், மருந்துக்கு மானியம் பொருந்தும். ஆம்புலன்ஸ், லிஃப்ட், பிசியோதெரபி கருவிகளுக்கு சி.எஸ்.ஆர். நல்லது, ஆனால் வாங்கும் சொத்தை நிதி தரும் நிறுவனத்தின் பெயரில் பதிய விடாதீர்கள், சி.எஸ்.ஆர். விதிகள் அதை அனுமதிப்பதில்லை. இரண்டும் கிடைத்தால் தனித்தனிக் கணக்கு வையுங்கள்; ஒரே ரசீதை இரு பக்கமும் காட்டக் கூடாது.