போடுவது எளிது, எடுப்பது கடினம்: இருமினால் கசியும் சிறுநீருக்கு எந்தச் சிகிச்சை?

சேலம் அம்மாப்பேட்டையில் முப்பது ஆண்டுகள் குழித்தறியில் நெய்த என் சித்தி, தும்மல் வரும் என்று தெரிந்தவுடன் மிதியிலிருந்து காலை எடுத்துத் தொடைகளை இறுக்கிக்கொள்வார். மூன்று பிரசவங்களுக்குப் பிறகு தொடங்கிய கசிவை அவர் யாரிடமும் சொல்லாமல், பழைய வேட்டித் துணியை மடித்து வைத்தே பல காலம் சமாளித்தார். கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய் வந்தவர் என்னிடம் சொன்னது இதுதான்: "பதினஞ்சு நிமிஷ வேலைன்னு சொல்றாங்க கண்ணு. உள்ள என்னத்த வைக்கறாங்கன்னு மட்டும் யாரும் சொல்லல." அந்த ஒரு கேள்விக்காகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். எந்தச் சிகிச்சை அதிகம் குணமாக்கும் என்பதோடு, சரிப்படாவிட்டால் எதிலிருந்து திரும்பி வர முடியும் என்பதையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், எல்லாக் கசிவும் ஒன்றல்ல. இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குதல் என்று வயிற்றில் அழுத்தம் ஏறும்போது கசிவது ஒரு வகை. திடீரென்று அவசரம் வந்து, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் போய்விடுவது வேறு வகை. இங்கே பேசப்படும் அறுவைச் சிகிச்சைகள் முதல் வகைக்கு மட்டுமே உரியவை. எப்போது, எவ்வளவு, என்ன செய்யும்போது கசிந்தது என்று மூன்று நாள் எழுதி வைத்த குறிப்பும், சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது மருத்துவர் முன் இருமிக் காட்டுவதும் இரண்டையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும். எனலாப்ரில் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகள் வறட்டு இருமலைத் தரக்கூடியவை. மாத்திரையை மாற்றினாலே இருமலோடு கசிவும் குறையும் பெண்கள் உண்டு என்பதால், இதையும் கேட்டுவிடுவது நல்லது.

இழப்பதற்கு ஒன்றுமே இல்லாத வழி, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி; அதாவது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது. அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கீகல் 1948-ல் எழுதியதிலிருந்து உலகம் முழுவதும் பரவியது இது. ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம் என்பது பிரிட்டனின் வழிகாட்டுதல். நம் ஊரில் இதைப் பெரும்பாலும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதை வாங்கி வந்த பெண் எந்தத் தசையை இறுக்குவது என்று தெரியாமல், மூச்சை அடக்கிக்கொண்டு வயிற்றை முக்கினால், கசிவு குறைவதற்குப் பதில் கூடும். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தசையைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக் கொடுப்பதுதான் உண்மையான சிகிச்சை. சித்திக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்க ஒருவர் கிடைத்த பிறகு, இருமுவதற்கு ஒரு நொடி முன்பே தசையை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் சில வாரங்களில் அவருக்குப் படிந்துவிட்டது.

ஆனால் பயிற்சியைப் பற்றி மிகைப்படுத்தவும் கூடாது. நெதர்லாந்தில் 460 பெண்களை இரு பிரிவாக்கி நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் முன்னேற்றம் கண்டதாகச் சொன்னவர்கள் சிறுநீர்க்குழாய்க்குக் கீழே தாங்கலாக ஒரு நாடாவை வைக்கும் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் 90.8 சதவீதம், பயிற்சிப் பிரிவில் 64.4 சதவீதம். பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பின்னர் அறுவைச் சிகிச்சைக்கு மாறினார்கள். ஆய்வில் சேர்ந்த எல்லோருமே மிதமான அல்லது கடுமையான கசிவு உள்ளவர்கள். இந்த எண்களைப் பார்த்துவிட்டு நாடாவைக் கெட்டதென்று ஒதுக்குவது நேர்மையாகாது.

அந்த நாடா என்பது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பாலிப்ரோப்பிலீன் வலை. உர மூட்டைச் சாக்கு நெய்யும் அதே பிளாஸ்டிக் இனம்தான், மருத்துவத் தரத்தில். ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டன் 1990-களின் நடுவில் இதை அறிமுகப்படுத்தினார். சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே, இழுத்துக் கட்டாமல், தொட்டில்போலத் தளர்வாக வைக்கப்படும். இருமும்போது குழாய் அதன்மீது அழுந்தி மூடிக்கொள்ளும். நெசவாளருக்கு எளிதில் புரியும் ஒரு செய்தி இதில் உண்டு: எல்லாம் நூலிலும் கண்ணிலும் இருக்கிறது. ஒற்றை இழையில் பெரிய கண்களோடு பின்னிய வலைக்குள் நம் உடலின் திசு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். பல இழை முறுக்கியதும், கண் நெருக்கமானதும் கிருமிக்கு இடம் கொடுக்கும்.

நாடா செல்லும் பாதை இரண்டு. இடுப்பு முன்னெலும்புக்குப் பின்னால் ஏறி அடிவயிற்றில் வெளிவருவது டி.வி.டி. (TVT); பக்கவாட்டில் தொடை இடுக்கு வழியாகப் போவது டி.ஓ.டி. (TOT). அமெரிக்காவில் 597 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2010-ல் வெளியான ஆய்வில், ஓராண்டுப் பரிசோதனை வெற்றி 80.8-க்கு 77.7 சதவீதம் என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. வேறுபாடு சிக்கல்களில்தான். முதலாவதில் ஊசி சிறுநீர்ப்பையைத் துளைக்கக்கூடும் என்பதால், அங்கேயே கேமராவை விட்டுப் பார்த்தாக வேண்டும். சிறுநீர் இறங்காமல் அடைபடுவதும் அதில் அதிகம். இரண்டாவதில் தொடை இடுக்கில் வலியும் மரமரப்பும் அதிகம். நாள் முழுவதும் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் ஒருவருக்குத் தொடை வலி எவ்வளவு பெரியது என்பதைத் தறியில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். மறுபடி எடுக்க நேர்ந்தால், தொடைத் தசைக்குள் போன பகுதியை எட்டுவதும் கடினம். எனவே இந்த இரண்டில் ஒன்று என்றால், நான் டி.வி.டி. பக்கமே சாய்வேன்.

முதல் சில நாட்களில் சிறுநீர் இறங்காவிட்டால் நாடாவைத் தளர்த்துவதோ வெட்டிவிடுவதோ சிறிய வேலை. ஆண்டுகள் கழித்து, திசு ஊடுருவிய பிறகு, பெண்ணுறுப்பின் சுவரை அரித்துக்கொண்டு வெளியே தெரியும் நாடாவையோ விடாத வலி தரும் நாடாவையோ முழுதாக எடுப்பது பெரிய அறுவைச் சிகிச்சை. எடுத்த பிறகு கசிவும் திரும்பலாம், வலி போகாமலும் இருக்கலாம். நூறில் சிலருக்குத்தான் இப்படி ஆகிறது. ஆனால் அந்தச் சிலரின் குரலால்தான் இங்கிலாந்து 2018 ஜூலையில் இதன் வழக்கமான பயன்பாட்டை நிறுத்திவைத்தது. அமெரிக்காவில் 2019-ல் விற்பனைக்குத் தடை வந்தது அடியிறக்கத்திற்கு (கருப்பை, சிறுநீர்ப்பை போன்றவை கீழே சரிவதற்கு) பெண்ணுறுப்பு வழியாக வைக்கும் பெரிய வலைகளுக்கே. கசிவுக்கான நாடா அங்கே தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளது. இரண்டையும் ஒன்றாக்கிப் பயப்பட வேண்டாம்.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்பவருக்கு, அடிவயிற்றுத் தசையை மூடியிருக்கும் அவருடைய சொந்த உறையிலிருந்தே ஒரு பட்டையை வெட்டி எடுத்துத் தாங்கலாக வைக்கும் முறை உண்டு. அரித்து வெளிவரப் பிளாஸ்டிக் இல்லை. ஆனால் வெட்டு பெரியது, படுக்கை நாட்கள் கூடும், சிறுநீர் தானாக இறங்கச் சில வாரங்கள்கூட ஆகலாம். பெண்ணுறுப்புச் சுவரைத் தையல்களால் மேலே தூக்கி நிறுத்தும் பர்ச் முறையோடு இதை 655 பெண்களிடம் ஒப்பிட்ட 2007-ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டாண்டுகளில் இருமல் கசிவு நின்றது உறைப் பட்டையில் 66 சதவீதத்தினருக்கு, பர்ச் முறையில் 49 சதவீதத்தினருக்கு. அதற்கு விலையாக, தொற்றும் சிறுநீர் இறங்காத சிக்கலும் பட்டையில் அதிகம் இருந்தன. குழாய்ச் சுவருக்குள் ஜெல் ஊசி போடுவது எல்லாவற்றிலும் எளியது. பலன் குறைவு, மறுபடி போட வேண்டி வரும்.

ஏற்காடு மலையில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இதே கணக்கு வேறாக வரும். சரிவில் மூட்டை சுமந்து இறங்கும் அவரால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தசையை இறுக்க முடியாது. நாடாவின் பலன் அவருக்கு உண்மையிலேயே பெரியது. ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சுமார் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பதால், பழம் பறிப்பு முடிந்த பிறகே தேதி வைக்க வேண்டும். இரவில் சிறுநீர் அடைத்துக்கொண்டால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் இறங்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் சில நாட்கள் கீழே உறவினர் வீட்டில் தங்குவதே சரி. இன்னும் பிள்ளை பெற எண்ணுபவர் என்றால், எந்த அறுவைச் சிகிச்சையையும் தள்ளிப்போடலாம்.

சித்தி மூன்று மாதப் பயிற்சியை முடித்தார். பாதிக்கு மேல் குறைந்தது. மீதியோடு இருந்துகொள்கிறேன் என்று அறுவைச் சிகிச்சைத் தேதியை ரத்து செய்தார். அவர் தறிக்கட்டில் பக்கத்தில் நெய்யும் பெண் நாடாவே வைத்துக்கொண்டார், நலமாகவும் இருக்கிறார். அவருடைய டிஸ்சார்ஜ் அட்டையில் நாடாவின் பெயரும், போன பாதையும், தொகுதி எண் ஸ்டிக்கரும் இல்லாததைக் கவனித்து, திரும்பப் போய்க் கேட்டு ஒட்டி வாங்கி வரச் சொன்னேன். ஐந்து ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர் பார்க்க நேர்ந்தால், உள்ளே இருப்பது என்னவென்று அவருக்குச் சொல்ல அந்த ஸ்டிக்கர்தான் இருக்கும்.