பழைய விண்டோஸுக்கு ஹார்ட் டிஸ்க்: எஃப்டிஸ்க்கா, எக்ஸ்பி சிடியா, டிஸ்க்பார்ட்டா?

விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்பி போடுமுன் டிஸ்க்கைப் பிரிக்க மூன்று வழிகள் பழக்கத்தில் உள்ளன: 98 பூட் ஃப்ளாப்பியில் இருக்கும் எஃப்டிஸ்க், எக்ஸ்பி சிடியில் இன்ஸ்டால் தொடங்கும்போது வரும் நீலத் திரை, விண்டோஸ் 7 டிவிடிக்குள் இருக்கும் டிஸ்க்பார்ட். எதில் செய்தாலும் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கின் தனிப் பகுதி, கிடைத்துவிடும். அது எந்த செக்டாரில் (டிஸ்க் டேட்டாவை வைக்கும் சிறு கட்டம்) தொடங்குகிறது, எவ்வளவு தூரம் போகலாம் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. பிறகு வரும் மந்தமும் டேட்டா இழப்பும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

98-க்கு எஃப்டிஸ்க்கே போதும். தொடங்கியதும் பெரிய டிஸ்க் வசதி வேண்டுமா என்று கேட்கும். ஒய் (Y) கொடுத்தால்தான் ஃபேட்32 என்ற ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கும் முறை, கிடைக்கும். என் (N) கொடுத்தால் பழைய ஃபேட்16, அதில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்டாது. பார்ட்டிஷனை ஆக்டிவ் (பூட் ஆக வேண்டியது இதிலிருந்து என்ற குறி) ஆக்க மறந்தால் இன்ஸ்டால் முடிந்தும் பூட் ஆகாது. பிரித்தபின் ஒருமுறை ரீபூட் செய்துவிட்டே ஃபார்மேட் கொடுங்கள்.

98-உடன் வந்த எஃப்டிஸ்க்கில் ஒரு பழைய பிழை உண்டு. 64 ஜிபியைத் தாண்டிய டிஸ்க்கில் அந்த 64-ஐக் கழித்துவிட்டு மீதியை மட்டும் காட்டும். 80 ஜிபி டிஸ்க்கைப் போட்டால் திரையில் சுமார் 10,800 எம்பி என்று வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று கழற்றிவிட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்ட திருத்திய எஃப்டிஸ்க்கைப் பயன்படுத்துங்கள். ஃபார்மேட் கட்டளையும் அளவைத் தவறாகக் காட்டும், ஆனால் முழு இடத்தையும் ஃபார்மேட் செய்துவிடும். 137 ஜிபி எல்லை மட்டும் நிஜமானது. 98-இல் டிஸ்க்கை இயக்கும் ஐடிஇ டிரைவர், செக்டார்களுக்கு எண் கொடுப்பதில் 28 பிட் முகவரியோடு நின்றுவிடுவதால், அதற்கு மேல் எழுதினால் இருக்கும் ஃபைல்களும் சிதையும். 120 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த டிஸ்க்காகவே தேர்ந்தெடுங்கள்.

எக்ஸ்பிக்கு வந்தால் சிடியிலேயே பிரிப்பது வசதிதான். பழைய 512 பைட் செக்டார் டிஸ்க் என்றால் அதில் குறையும் இல்லை. இன்றைய 4கே (4096 பைட்) செக்டார் டிஸ்க்கில்தான் சிக்கல். எக்ஸ்பி சிடி முதல் பார்ட்டிஷனை 63-ஆவது செக்டாரில் தொடங்கும். ஒரு 4கே செக்டாருக்குள் எட்டு சிறு செக்டார்கள் அடங்கும். 63 எட்டால் வகுபடாது. அதனால் என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் ஒரே துண்டாகக் கையாளும் ஒவ்வொரு 4 கேபி கிளஸ்டரும் இரண்டு செக்டார்களின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஒரு கிளஸ்டரை எழுத, டிஸ்க் இரண்டு செக்டார்களையும் படித்து, மாற்றி, திரும்ப எழுத வேண்டிவரும். புது டிஸ்க் போட்டும் எக்ஸ்பி ஊர்ந்து போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். எஸ்எஸ்டியிலும் இதே தொல்லை.

டிஸ்க்பார்ட் 2048-இல் தொடங்கும். அது எட்டால் சரியாக வகுபடும். ஆகவே புது டிஸ்க்கில் எக்ஸ்பி என்றால் என் தேர்வு இதுவே. விண்டோஸ் 7 டிவிடியில் பூட் செய்து ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்துங்கள். டிஸ்க்பார்ட் திறந்து, லிஸ்ட் டிஸ்க் கொடுத்து அளவைப் பார்த்து, சரியான டிஸ்க்கை செலக்ட் செய்யுங்கள். அடுத்து வரும் கிளீன் கேள்வி கேட்காமல் டிஸ்க் முழுவதையும் துடைத்துவிடும்; மற்ற டிஸ்க்குகளின் கேபிளை முன்பே கழற்றிவைப்பது நல்லது. பிறகு கன்வர்ட் எம்பிஆர், கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி, ஆக்டிவ், என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் என்று வரிசையாகக் கொடுங்கள். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் அட்டவணை புரியாது என்பதால் பழைய எம்பிஆர் அட்டவணை கட்டாயம்; அதன் உச்சவரம்பு 2 டிபி.

பயன்படுத்திய டிஸ்க் என்றால் ஃபார்மேட் கட்டளையில் க்விக் என்ற சொல்லைச் சேர்க்காமல் முழு ஃபார்மேட் கொடுங்கள். விண்டோஸ் 7-இன் முழு ஃபார்மேட் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதும். அப்போது பழுதான செக்டார்களை டிஸ்க் தானே மாற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. எக்ஸ்பியின் முழு ஃபார்மேட் படித்து மட்டுமே பார்க்கும்.

பிறகு எக்ஸ்பி சிடியில், ஃபைல் சிஸ்டத்தை இருப்பது போலவே விடும் கடைசித் தெரிவை எடுங்கள். அங்கே பார்ட்டிஷனை டெலீட் செய்து மறுபடி போட்டால் 63-க்கே திரும்பிவிடும், செய்த வேலை வீண். சர்வீஸ் பேக் (மைக்ரோசாஃப்ட்டின் திருத்தத் தொகுப்பு, சுருக்கமாக எஸ்பி) இல்லாத முதல் சிடியும் வேண்டாம். 137 ஜிபி எல்லை அதற்கும் உண்டு. டிஸ்க்பார்ட்டில் பெரிய பார்ட்டிஷன் போட்டுவிட்டு அந்த சிடியில் ஏற்றுவது இன்னும் ஆபத்து. எஸ்பி2 அல்லது எஸ்பி3 சேர்ந்த சிடி எடுங்கள். பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) சாட்டா டிஸ்க்குக்கான மோடு ஏஹெச்சிஐ ஆக இருந்தால் எக்ஸ்பி சிடி ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும், அல்லது 7பி என்ற எண்ணோடு பிழை காட்டும் நீலத்திரை வரும். ஐடிஇ மோடுக்கு மாற்றுங்கள். அந்த மோடு இல்லாத போர்டில் எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும்.

முதல் ரீபூட்டில் சிடியிலிருந்து பூட் செய்ய ஏதாவது கீயை அழுத்தச் சொல்லும். தொடாமல் விடுங்கள்; அழுத்தினால் இன்ஸ்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.